வாசல் பக்கத்து நாற்காலி

“என் எதிர்ல வந்து உக்காந்த ஆளு, ‘வேண்டாம்’னு சொல்லிட்டு எழுந்து போன சரித்திரமே கிடையாது!”

இப்படிச் சொன்னவர் பேரரசரோ, வக்கீலோ, கல்யாணத் தரகரோ இல்லை. எங்கள் சித்தப்பா. மெத்தைக்கடை வைத்திருந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, கையில் கோணி ஊசியோடு அவர் இதைச் சொல்லும்போது கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சிரித்தவர்கள் எல்லோரும் சற்று நேரம் கழித்து ஒரு மெத்தையோடுதான் வீட்டுக்குப் போனார்கள் என்பதை வரலாறு மறக்கக் கூடாது. வரலாறு மறந்தாலும் அவர்கள் முதுகு மறக்காது.

கடை குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும், ரயில் பெட்டி மாதிரி. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் மெத்தைகள். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வழி. அந்த வழியின் கோடியில், சுவரோடு சுவராக, ஒரு மாதிரிக் கட்டில். வருகிறவரை முதலில் அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பார். “வாங்கவே வேண்டாம், சும்மா உக்காருங்க. உக்காரறதுக்கு என்ன வந்தது?” வந்தவர் உட்கார்ந்ததும், ஏதோ இடைஞ்சலாக இருப்பதுபோலச் சித்தப்பா ஒரு மெத்தைச் சுருளைத் தூக்கி நடைவழியில் நிறுத்துவார். பார்க்க, கடையை ஒழுங்குபடுத்துகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் இனி வெளியே போக வேண்டுமென்றால், “அதைக் கொஞ்சம் நகர்த்துங்க, நான் கிளம்பறேன்” என்று வாய் திறந்து கேட்டாக வேண்டும். மனிதகுலத்தில் பெரும்பாலோருக்கு அது முடியாது என்பது சித்தப்பாவின் கண்டுபிடிப்பு. இதற்கெல்லாம் யாரும் பரிசு கொடுப்பதில்லை.

அடுத்தது டீ. டீயைக் குடித்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது. “மெத்தை வேணுமா?” என்று ஒருநாளும் கேட்க மாட்டார். “ஒத்தையா, ரெட்டையா?” என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி, தலையணை உறை தைக்க ஆரம்பித்துவிடுவார். அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டார். துணியில் ஊசி போய் வருகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ரெட்டை மெத்தை வாங்கிப் போன பிரம்மச்சாரிகள் உண்டு.

இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். கண்ணாடிக் கதவு, தாராளமான வழி. உள்ளே போனவர்கள் எதுவும் வாங்காமல் சர்வ சாதாரணமாக வெளியே வருகிறார்கள். பழகின கண்களுக்கு அதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது.

எதிர்ச்சாரியில் கட்டில்கடை இருந்தது. அந்தக் கடைக்காரரைச் சொல்லாமல் சித்தப்பாவைச் சொல்ல முடியாது. மெலிந்த, சாதுவான மனிதர். ஆண்டவன் அவருக்கு எல்லா உறுப்பையும் சரியாக வைத்துவிட்டு, ‘வேண்டாம்’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் வைக்க மறந்துவிட்டான். குடை விற்பவர் வாசலில் நின்றால் வாங்கிவிடுவார். மழையே பெய்யாத வருஷங்களிலும் அவர் வீட்டில் குடைகள் பெருகிக்கொண்டிருந்தன. முடி வெட்டப் போனால், “இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?” என்று கேட்கக் கேட்கச் “சரி” என்பார். திரும்பி வரும்போது அவரை அடையாளம் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் கடை திறந்த முதல் நாளே சித்தப்பா தெருவைத் தாண்டிப் போய் அவருக்கு ஒரு மெத்தை விற்றார். “கட்டில் விக்கிறவன் வெறுங்கட்டில்ல படுத்தா, நாளைக்கு உன் கட்டிலை எவன்யா வாங்குவான்?”

“அதுவும் சரிதான்” என்றார் கட்டில்கடைக்காரர். அவ்வளவுதான் பேரம்.

அன்றிலிருந்து இருவருக்கும் ஒப்பந்தம். கட்டில் வாங்கியவர்களை அவர் இந்தப் பக்கம் அனுப்புவார், மெத்தை வாங்கியவர்களைச் சித்தப்பா அந்தப் பக்கம் அனுப்புவார். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. “யோவ் கட்டில்!” என்று இங்கிருந்து குரல் போகும். “என்ன மெத்தை?” என்று அங்கிருந்து பதில் வரும். வெயில் ஏறி ஆள் நடமாட்டம் அடங்கின பிறகு, சித்தப்பா அவர் கட்டிலில் போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். கட்டில்கடைக்காரர் மரையாணி முடுக்கிக்கொண்டே, “சரி, சரி” என்பார். அந்தத் தெருவின் மத்தியானங்களுக்கு அந்த இரண்டு சத்தம்தான்.

இப்படி இருக்கையில் சித்தப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். சித்தி சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டாள். கட்டில்கடைக்காரர் தன் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, ஆஸ்பத்திரியில் சித்தப்பாவின் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொள்வார். “கடையைப் பாருய்யா, போ” என்று சித்தப்பா விரட்டினால், “சரி” என்பார். போக மாட்டார். அதுவரை அவர் வாழ்க்கையில் காட்டிய ஒரே மறுப்பு அதுதான். அதையும் ‘சரி’ என்றுதான் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் வழக்கமான மருந்து உண்டு. கூடவே பாதிப் பேருக்கு ஒரு புது மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே உருவத்தில், உள்ளே ஒன்றுமில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. இதை விளக்க ஓர் இளம் நர்ஸ் வந்தாள். ஆய்வு நர்ஸ் என்று அவளைச் சொல்வார்கள்.

“கடைக்காரனுக்கே தெரியாதா மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு?” என்றார் சித்தப்பா.

“தெரியாது சார். புது மாத்திரை நல்லதா இல்லையான்னே இன்னும் தெரியாது. அதுக்குத்தான் இந்த ஆய்வே.”

“அப்ப எதைச் சொல்லி என்னை வாங்க வைப்பே?”

“வாங்க வைக்க மாட்டேன் சார். வீட்டுக்குப் போய் யோசிங்க. வேண்டாம்னாலும் உங்க வழக்கமான மருந்து அப்படியே நடக்கும். நடுவுல விலகணும்னாலும் விலகலாம்.”

சித்தப்பாவுக்கு அன்று நோயின் வலியைவிடத் தொழில்முறை வேதனைதான் அதிகம். வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னார்: “பாவம், பொழைக்கத் தெரியாத பொண்ணு. ஆளை எழுந்து போக விடறா. சரக்கு நல்லதான்னு தெரியாதுன்னு அவளே சொல்றா. இப்படி வியாபாரம் பண்ணினா எத்தனை நாள் தாங்கும்?” மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார். மருத்துவத்துக்கு உதவுவதற்காக அல்ல, சக வியாபாரி ஒருத்தி நொடித்துப் போய்விடக் கூடாதே என்பதற்காக.

பிழைத்தார். முடி திரும்பி வந்தது, குரல் திரும்பி வந்தது, பீற்றலும் திரும்பி வந்தது. “புது மாத்திரை! உலகத்துல இன்னும் கடைக்கே வராத சரக்கு!” என்று மெத்தை வாங்க வந்தவர்களிடம் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

ஆய்வு முடிந்து, கணக்கெல்லாம் பார்த்த பிறகு ஒருநாள் ஆய்வு நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னாள். சித்தப்பா சாப்பிட்டது உள்ளே ஒன்றுமில்லாத மாத்திரை. அவரைக் காப்பாற்றியது கத்தியும் வழக்கமான மருந்தும்தான். போதாக்குறைக்கு, புது மாத்திரையால் பெரிய நன்மை இல்லை என்றும் தெரிந்துபோனது.

சித்தப்பா கடைக்கு வந்து மாதிரிக் கட்டிலில் உட்கார்ந்தார். “பஞ்சே இல்லாத மெத்தையில இவ்வளவு நாள் தூங்கியிருக்கேன்” என்றார்.

“தூக்கம் வந்துச்சா இல்லையா?” என்றார் கட்டில்கடைக்காரர்.

அது சித்தப்பாவை யோசிக்க வைத்தது. யோசித்தால் அவர் பேசாமல் இருக்க மாட்டார். வாரம் திரும்புவதற்குள் தெருவில் புதுக் கதை ஓடியது: “அந்தப் புது மாத்திரை உதவாதுன்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைக்கறீங்க? நான் சும்மா மாத்திரையைச் சாப்பிட்டேனே, அதை வெச்சுத்தான்! ஒண்ணுமில்லாததை ஒழுங்கா முழுங்கறதுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?”

இந்தப் பேச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்க வேண்டும். புதிதாக ஆய்வு தொடங்கும்போது அதைத் திட்டமிடும் குழுவில் நோயாளிகள் சார்பாக ஒருவர் உட்கார வேண்டும் என்று அப்போது முடிவு செய்திருந்தார்கள். டாக்டர்களுக்குத் தெரியாத பக்கம் ஒன்று இருக்கிறது, அந்தப் பக்கம் படுத்திருந்தவர்கள்தான் அதைச் சொல்ல வேண்டும் என்பது எண்ணம். ஆய்வு நர்ஸ் சித்தப்பாவின் பெயரைச் சொன்னாள்.

சித்தப்பா புதுச் சட்டை தைத்துக்கொண்டார். “இனிமே நான் நோயாளிகளோட குரல்” என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார்.

“வீட்டுல இருக்கிறவ குரல் காதுல விழறதில்ல, ஊர்ல உள்ள நோயாளிகளுக்கெல்லாம் குரலாம்” என்றாள் சித்தி அடுப்பங்கரையிலிருந்து.

குழுவில் முதலில் அவரிடம், நோயாளிகளுக்குக் கொடுக்கும் தகவல் தாளைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். தாள் என்று பெயர்தானே ஒழிய அது ஒரு கட்டு. கையில் வாங்கி எடை பார்த்தார், அழுத்திப் பார்த்தார். “தலைக்கு வெச்சுப் படுக்கலாம். நான் தலையணை செய்யறவன், எனக்குத் தெரியும்” என்றார். சிரித்துக்கொண்டே பாதியாகக் குறைத்தார்கள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வேண்டியவர்களை மத்தியானம் வரச் சொல்லியிருந்ததைக் காலைக்கு மாற்ற வைத்தார். காத்திருக்கும் பெஞ்சுகளுக்கெல்லாம் மெத்தை போட வேண்டும், அதற்கு நல்ல கடை ஒன்று தனக்குத் தெரியும் என்றார். அதைக் குழு பரிசீலனையில் வைத்தது. இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

இதோடு நின்றிருந்தால் அவர் பெயரும் நின்றிருக்கும். ஆனால் புது ஆய்வுக்கு ஆள் சேரவில்லை என்று பெரிய டாக்டர் கவலைப்பட்டார். ஆள் சேரவில்லை என்ற வார்த்தை சித்தப்பாவின் காதில் விழுந்தது. பழைய போர்க்குதிரைக்குக் கொம்புச் சத்தம் கேட்ட மாதிரி.

“நோயாளிங்ககிட்ட நான் கொஞ்சம் பேசிப் பாக்கறேனே” என்றார்.

விளக்கம் சொல்லும் அறைக்கு அவரே ஒரு ஃபிளாஸ்க் டீ கொண்டுபோனார். நோயாளியை உள்பக்க நாற்காலியில் உட்கார வைத்தார். கதவுப் பக்கம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நர்ஸ் சொன்ன எல்லாவற்றையும் அவரும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சும்மா இருந்தார். ஊசி மட்டும்தான் கையில் இல்லை.

எல்லோரும் சேர்ந்தார்கள். பெரிய டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தோம்!” சித்தப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை.

பிறகு ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். சேர்ந்தவர்கள் அடுத்த தேதிக்கு வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. எடுத்தால் ராங் நம்பர் என்றார்கள். மாத்திரை வாங்கிப் போய் அலமாரியில் பூட்டி வைத்தவர்களும் உண்டு. அவர்களில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மாவைச் சித்தப்பா ஆஸ்பத்திரியின் பின்வாசலில் பார்த்துவிட்டார். பிணம் எடுத்துப் போகிற வழி அது. அந்த அம்மாள் வழக்கமான மருந்துக்கு வந்துவிட்டுத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அந்த வழியாக நழுவிக்கொண்டிருந்தார்.

“டீச்சர்! முன்வாசல் திறந்துதானே இருக்கு?”

“முன்வாசல்ல நீங்க இருக்கீங்களே, அதான்.”

“நான் என்ன பண்ணினேன் டீச்சர்?”

“நீங்க ஒண்ணும் பண்ணலை சார். அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க, டீ வேற குடுத்தீங்க. முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல மனசு வரலை. எனக்கு இதெல்லாம் ஆரம்பத்துலேர்ந்தே பயம்.”

“எப்ப வேணும்னாலும் விலகலாம்னு நானே சொன்னேனே!”

“சொன்னீங்க. அதையும் ரொம்ப அழகாச் சொன்னீங்க. எப்படி விலகறது?”

அன்று சித்தப்பா கடையைத் திறக்கவில்லை. மறுநாள் ஆய்வு நர்ஸ் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். அவள் சொன்னது இதுதான்: “பிடிக்காம சேர்ந்தவங்க நம்மகிட்ட எதையும் சொல்ல மாட்டாங்க சார். வாந்தி வந்தாச் சொல்ல மாட்டாங்க, மாத்திரையை நிறுத்தினாச் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கும் ஆபத்து, ஆய்வும் பொய்யாப் போயிடும். ஆள் சேர்க்க எனக்கு நிறையப் பேர் இருக்காங்க. ‘வேண்டாம்’னு சொல்றவங்களுக்குத் துணையாத்தான் ஒரு ஆள் இல்ல. அதுக்குத்தான் உங்க பேரைச் சொன்னேன்.”

ஒரு மெத்தை வியாபாரியைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொல்லியிருக்கவே கூடாது. தையல்காரரிடம் போய், தையலைப் பிரித்துக் கொடுக்கத்தான் நீங்கள் வேண்டும் என்பதுபோல.

ஆனாலும் அடுத்த குழுக் கூட்டத்தில் சித்தப்பா எழுந்து நின்று தன் கடையின் தொழில் ரகசியம் அத்தனையையும் வெளியிட்டார். நடைவழிச் சுருள், டீ, முதுகு, மௌனம் எல்லாம். பெரிய டாக்டர் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. அவர் வீட்டு மெத்தை எங்கே வாங்கியது என்பது குழுவில் பலருக்கும் தெரியும். “இதையெல்லாம் தலைகீழாப் பண்ணணும்” என்றார் சித்தப்பா. நோயாளியின் நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கும் கதவுக்கும் நடுவில் ஒரு மனிதரும் உட்காரக் கூடாது. பதில் சொல்லும் வரைக்கும் டீ கிடையாது. கேட்ட அன்றே பதில் வாங்கக் கூடாது, வீட்டுக்குப் போய் நர்ஸுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டும்.

அதற்கப்புறம் சேருகிறவர்கள் எண்ணிக்கை குறைந்தது. பெரிய டாக்டர் கொஞ்ச நாள் அவரைப் பார்த்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போனார். ஆனால் சேர்ந்தவர்கள் நின்றார்கள். வேறொரு ஆய்வு வந்தபோது டீச்சரம்மா முன்வாசல் வழியாக வந்து, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “இப்ப நானா வரேன்” என்றார்.

சித்தப்பாவின் பெருமைக்கு மட்டும் ஒரு குறைவும் வரவில்லை. “இப்பவும் என் எதிர்ல ஒருத்தர்கூட ‘வேண்டாம்’னு சொன்னதில்ல” என்பார். “போன்ல சொல்றதெல்லாம் கணக்குல வராது.” கடையில் நடைவழிச் சுருளும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆஸ்பத்திரி வேறு, கடை வேறு.

இந்தச் சமயத்தில்தான் கட்டில்கடைக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பரிசோதனை செய்ததில் இரைப்பையில் புற்று என்றார்கள்.

வழக்கமான சிகிச்சை உண்டு. கூடவே ஒரு புது ஊசி மருந்தைச் சோதிக்கும் ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. அதில் சேர்ந்தால் அடிக்கடி ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும், ஸ்கேனுக்கு வேறு ஊர் போக வேண்டும். புது ஊசி உதவலாம், உதவாமலும் போகலாம். வெளியூரிலிருந்து ஓடிவந்த மகனுக்கு இதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று இருந்தது. அவன் நேரே மெத்தைக்கடைக்குத்தான் வந்தான்.

“மாமா, அப்பா உங்க பேச்சைத் தட்ட மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“யோசிச்சுச் சொல்லட்டும்ப்பா” என்றார் சித்தப்பா.

“அவர் எங்க மாமா யோசிக்கறாரு? ‘மெத்தை சொன்னாச் சரி’ங்கறாரு.”

அவன் போன பிறகு சித்தப்பா ஊசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். சித்தியிடம் சொன்னார்: “சேரணும்னுதான் எனக்கும் இருக்கு. ஏதோ ஒரு வழி இருக்கே, அதை விடறதான்னு இருக்கு. அந்த ஆள் இல்லாத தெருவை நினைச்சுக்கூடப் பாக்க முடியலை.”

“நீங்க சொன்னாக் கேட்டுடுவாரு” என்றாள் சித்தி. “அதான் எனக்குப் பயமா இருக்கு.” அவள் கேலி செய்யாமல் பேசியது அன்றைக்குத்தான்.

மத்தியானம் சித்தப்பா தெருவைத் தாண்டினார். கட்டில்கடைக்காரர் ஒரு கட்டில் காலை முடுக்கிக்கொண்டிருந்தார். கை முன்னைப்போல ஓடவில்லை.

“நீ என்ன சொல்ற மெத்தை?”

“என்னைக் கேக்காத.”

“உன்னைக் கேக்காம வேற யாரைக் கேக்கறது?”

சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். “யோவ், இத்தனை வருஷத்துல என்கிட்ட எப்பவாவது ‘வேண்டாம்’னு சொல்லணும்னு உனக்குத் தோணியிருக்கா?”

கட்டில்கடைக்காரர் மரையாணியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். “கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லு.”

“மெத்தை.”

“என்னய்யா?”

“உன்னைக் கூப்பிடலை. மெத்தையைச் சொல்றேன். கடை திறந்த அன்னிக்கு வித்தியே, அது.”

“அதுக்கென்ன?”

“எனக்கு ஒத்துக்கவே இல்ல. ரெண்டாம் நாளே இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அன்னிலேர்ந்து தரையில போர்வையை விரிச்சுத்தான் படுக்கறேன்.”

“இத்தனை வருஷமாவா!”

“யாராவது வீட்டுக்கு வந்தா மெத்தையில விரிப்பு மாத்தி வைப்போம். நீ வந்தா அதுமேல உக்காந்துப்பேன்.”

சித்தப்பாவின் புருவத்திலிருந்து ஒரு பஞ்சு உதிர்ந்தது. சும்மா மாத்திரைச் சேதியைக் கேட்டபோதுகூட அவர் இப்படி உட்கார்ந்திருக்கவில்லை. இந்த மனிதனின் ‘சரி’யை வைத்துக்கொண்டு மெத்தையே விற்றிருக்கக் கூடாது. ஊசி மருந்துக்கு அதை எப்படி நம்புவது?

“சரி, ஊசியைச் சொல்லு. உனக்குள்ள என்னய்யா இருக்கு?”

“எல்லாரும் ஆசைப்படறீங்க” என்றார் கட்டில்கடைக்காரர்.

“நீ?”

அவர் கட்டில்களைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், எதிரே இருந்த மெத்தைக்கடையைப் பார்த்தார். “தங்கறது, போறது, வர்றது... கடைசில கடையைப் பாக்கவே நேரம் இருக்காது போல” என்றார். உடனே பயந்துபோய், “ஆனா நீ சொன்னாச் சரி” என்றார்.

பதிலைப் போனில் சொல்லலாம் என்ற வசதி இவருக்கு உதவாது. போனை எடுத்தாலும் இவர் ‘சரி’ என்றுதான் சொல்வார். சித்தப்பா ஆய்வு நர்ஸிடம், “இன்னிக்கு நான் குழு ஆள் இல்லம்மா, அவருக்குத் துணை” என்று சொல்லிவிட்டுக் கூடவே போனார்.

அறையில் பெரிய டாக்டர், நர்ஸ், மகன். கட்டில்கடைக்காரர் உள்ளே போனதும், வாசல் பக்கத்து நாற்காலியை மரியாதையாக டாக்டருக்குக் காட்டிவிட்டு, தான் கோடிச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். தெரிந்த கதைதான்.

“எழுந்திரு” என்றார் சித்தப்பா. “அது உன் இடம் இல்ல.” கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதவுப் பக்கம் உட்கார வைத்தார். கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் தன் செருப்பைக் கழற்றி அடியில் வைத்தார். நர்ஸ் எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னாள். சேராவிட்டாலும் சிகிச்சை நடக்கும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். பெரிய டாக்டரும் தலையசைத்தார்.

மகன் சித்தப்பாவைப் பார்த்தான். “மாமா, ஒரு வார்த்தை.”

கட்டில்கடைக்காரரும் சித்தப்பாவைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும். கோடிக் கட்டிலில் உட்கார்ந்து, டீயைக் குடித்துவிட்டு, சுருளைத் தாண்ட முடியாமல் இருக்கிறவரின் பார்வை. இனி ஒன்றும் பேச வேண்டாம், திரும்பிக்கொண்டால் போதும், ‘சரி’ தானாக வந்துவிடும். சித்தப்பா வாழ்நாளில் அதைவிட ஆசைப்பட்ட ‘சரி’ ஒன்று கிடையாது.

அவர் திரும்பிக்கொள்ளவில்லை. நண்பரின் எதிரே குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

“நீ சேர்ந்தாலும் நான் கூட வருவேன், ஸ்டூல்ல உக்காருவேன். சேரலேன்னாலும் உக்காருவேன். எனக்கு நீ சேரணும்னு ஆசை. அது என் ஆசை, அதை நான் பாத்துக்கறேன். நீ மறுபடியும் தரையில படுக்காதய்யா.”

கட்டில்கடைக்காரரின் உதடு ஒருமுறை ‘ச’ என்று கூடியது. கலைந்தது. திறந்திருந்த கதவைப் பார்த்தார், அதன் அடியில் இருந்த செருப்பைப் பார்த்தார்.

“வேண்டாம்” என்றார். புதிதாகப் பேசக் கற்றுக்கொண்ட குழந்தை மாதிரி மெதுவாக. “வழக்கமான மருந்து போதும் டாக்டர். நான் கடையில இருக்கேன்.”

மகன் முகத்தை மூடிக்கொண்டான். அப்பா அவன் தோளைத் தொட்டார். நர்ஸ் படிவத்தை மூடி வைத்தாள். பிறகு கட்டில்கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஒருவரையும் நகரச் சொல்லாமல், இரண்டே எட்டில் வெளியே போனார். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனார்.

வராந்தாவில், “டீ சாப்பிடலாமாய்யா?” என்றார்.

“வேண்டாம்” என்றார் கட்டில்கடைக்காரர். ருசி கண்டுவிட்டார்.

அதற்கப்புறமும் அந்தத் தெருவுக்கு நிறைய மத்தியானங்கள் கிடைத்தன. மருந்து ஏறும் நாட்களில் ஸ்டூலில் சித்தப்பா, மற்ற நாட்களில் கட்டிலில் சித்தப்பா. குடை விற்பவர் மட்டும் அந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று கேள்வி.

ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாள். வெயில் நேரம், தெருவில் எல்லாக் கடையும் திறந்திருந்தது. சித்தப்பா கட்டில்கடையை ஒட்டியிருந்த அவர் வீட்டுக்குள் போய், அந்தப் பழைய மெத்தையை உருட்டிக் கட்டித் தன் தலையிலேயே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஆள் விட்டுக் கொண்டுவரவில்லை. பின்பக்கமாகவும் வரவில்லை. தெருவின் நடுவே, நிதானமாக, ஒரு பக்கத்துத் துணி பிரிந்து பஞ்சு தெரிய, நடந்து வந்தார்.

தையல்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். “என்ன சார், கட்டில்கடைக்கு மெத்தை போய்ப் பாத்திருக்கேன். அங்கேயிருந்து வருதே?”

“திருப்பிக் குடுத்துட்டாரு” என்றார் சித்தப்பா.

“உங்க மெத்தையையா? ஏன்?”

சித்தப்பா நடைவழியில் நின்றிருந்த சுருளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார்.

“வேண்டாமாம்.”